அடுப்பைவிட்டுத் தள்ளிப் போனால் ஏன் சூடு கூடுகிறது? சூரியனின் கொரோனா பற்றிக் கேள்வி பதில்

போன வாரம் கொடைக்கானல் வானாய்வகத்தின் பழைய சூரியப் படம் ஒன்றைப் போட்டு, "சூரியனின் பரப்பு 5,500 டிகிரிதான், அதற்கு மேலே இருக்கும் கொரோனா 10 லட்சம் டிகிரிக்கும் மேல். இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். முழு சூரிய கிரகணத்தின்போது சந்திரனின் கறுப்பு வட்டைச் சுற்றி வெள்ளையாக இழை இழையாகத் தெரியும் மெல்லிய வளிமண்டலம்தான் கொரோனா. அதற்கும் சூரியப் பரப்புக்கும் நடுவே சுமார் 2,000 கி.மீ. தடிமனில் இருப்பது குரோமோஸ்பியர், அதாவது நிறமண்டலம். இந்த இரண்டு பெயரும் கீழே அடிக்கடி வரும்.

கேள்வி (இயற்பியல் ஆசிரியை, மேல்நிலைப் பள்ளி): சார், சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் வெப்பம் பாயும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 5,500 டிகிரி பரப்பு எப்படி 10 லட்சம் டிகிரி கொரோனாவைச் சூடாக்கும்? வெப்ப இயக்கவியல் விதியே உடைகிறதே?

விதி உடையவில்லை டீச்சர். மார்கழி மாதக் காலையில் கை விறைத்துப் போனால் என்ன செய்கிறோம்? இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்க்கிறோம், கை சூடாகிறது. அந்தச் சூடு தோளிலிருந்து கைக்குப் பாய்ந்து வந்ததல்ல. தோள் அனுப்பியது அசைவை. அசைவு உள்ளங்கைக்கு வந்த பிறகுதான் உராய்ந்து வெப்பமாக மாறியது. தோளைவிட உள்ளங்கை சூடானதில் எந்த விதியும் மீறப்படவில்லை.

சூரியனிலும் இதுதான் நடக்கிறது. பரப்புக்குக் கீழே சுமார் 2 லட்சம் கி.மீ. ஆழத்துக்கு வாயு கொதித்துப் புரண்டுகொண்டிருக்கிறது. உலை கொதிக்கும்போது அரிசி கீழிருந்து மேலே வந்து மறுபடி கீழே போகிறதே, அதே வெப்பச்சலனம். பரப்பில் அது ஏறத்தாழ 1,000 கி.மீ. அகலமுள்ள கொப்புளங்களாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிடம் இருந்துவிட்டுக் கரையும். இந்தக் கொதிப்புக்குள்தான் காந்தப்புலக் கோடுகளின் அடிவேர்கள் ஊன்றியிருக்கின்றன. வேர் அசைந்தால் மேலே கோடு முழுவதும் அசையும். ஆகவே மேலே போவது அசைவின் சக்தியும் காந்தச் சக்தியும். அது வெப்பமாக மாறுவது கொரோனாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் மலைப்பாக இருக்கும், சக்திக் கணக்கைப் பார்த்தால் மலைப்பு குறையும். சூரியப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் வெளியே போகும் சக்தி சுமார் 6.3 கோடி வாட். அமைதியான இடத்தில் அதன் மேலிருக்கும் கொரோனாவைச் சூடாக வைத்திருக்கத் தேவைப்படுவது சதுர மீட்டருக்கு வெறும் 300 வாட். நான்கு சீலிங் ஃபேன் ஓடும் மின்சாரம்! சூரியப் புள்ளிகள் கூடியிருக்கும் கொந்தளிப்பான பகுதிகளில்கூட 10,000 வாட் போதும். சக்திக்குப் பஞ்சமே இல்லை. அதை மேலே கொண்டுபோய்ச் சரியான இடத்தில் இறக்குவது எப்படி என்பதுதான் எண்பது வருடமாக நடக்கும் ஆராய்ச்சி.

கேள்வி (பொறியியல் மாணவர்): 300 வாட்தான் என்றால் 10 லட்சம் டிகிரி ஏன்? கொஞ்சமாகச் சூடாகி நின்றுவிட வேண்டியதுதானே?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. பாத்திரத்தில் எவ்வளவு சூடு ஊற்றுகிறோம் என்பது மட்டும் அதன் வெப்பநிலையைத் தீர்மானிப்பதில்லை. அது எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியே விடுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

குரோமோஸ்பியரில் வாயு ஓரளவு அடர்த்தி. அங்கே ஹைட்ரஜன் அணுக்களில் இன்னும் எலெக்ட்ரான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடு வந்தால் அந்த எலெக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவி, திரும்ப இறங்கும்போது ஒளியாகச் சக்தியை வெளியே தள்ளிவிடும். அதனால் எவ்வளவு ஊற்றினாலும் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கு அக்கம்பக்கத்திலேயே நிற்கும். தண்ணீர் இருக்கும்வரை குக்கர் கருகாதது போல.

மேலே போகப் போக அடர்த்தி மளமளவென்று குறைகிறது. ஒரு கட்டத்தில் ஹைட்ரஜன் எலெக்ட்ரானை முழுதாக இழந்துவிடும். ஒளியை உமிழ அதனிடம் இனி எதுவும் இல்லை. தண்ணீர் வற்றிய குக்கர் மாதிரிதான். வந்து சேரும் கொஞ்சம் சூட்டையும் வெளியேற்ற வழியில்லாமல், சில நூறு கி.மீ. உயரத்துக்குள் வெப்பநிலை பல லட்சத்துக்கு ஏறிவிடுகிறது.

அப்படியானால் ஏன் 10, 20 லட்சத்தில் நிற்கிறது, ஏன் 10 கோடிக்குப் போகவில்லை? அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் பயங்கர வேகத்தில் ஓடி, காந்தக்கோட்டின் வழியே வெப்பத்தைக் கீழே கடத்த ஆரம்பிக்கின்றன. வெப்பநிலை இரண்டு மடங்கானால் பிளாஸ்மாவின், அதாவது எலெக்ட்ரான் பிரிந்து மின்னேற்றம் பெற்ற அந்த வாயுவின், கடத்துதிறன் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடும். அதனால் இரு முனையும் பரப்பில் ஊன்றி நிற்கும் ஒரு காந்த வளைவுக்குள் ஊற்றும் சக்தியைப் பத்து மடங்கு கூட்டினாலும் வெப்பநிலை இரண்டு மடங்குகூட ஆவதில்லை. மிச்சச் சக்தி கீழே குரோமோஸ்பியரை ஆவியாக்கி மேலே ஏற்றும். அந்த வளைவின் அடர்த்தி கூடும், எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரியும். கொந்தளிப்பான பகுதிகள் பிரகாசமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இந்த அடர்த்திதான்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி): அண்ணா, அவ்வளவு சூட்டில், சூரியனுக்குப் பக்கத்தில் போகும் நாசாவின் பார்க்கர் விண்கலம் ஏன் உருகவில்லை?

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடிப்பாய் இல்லையா? அதிலிருந்து தெறிக்கும் பொறி ஆயிரம் டிகிரியைத் தொடும். ஆனால் கையில் பட்டால் சுருக்கென்று ஒரு கணம், அவ்வளவுதான். பொறி அவ்வளவு சின்னது, அதில் இருக்கும் மொத்தச் சூடு கொஞ்சம். அந்தக் கம்பியைத் தொட்டால்தான் கை வெந்துபோகும். கொரோனாவில் அதன் அடிப்பகுதியிலேயே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில பத்துக் கோடி துகள்கள்தான். நீ மூச்சுவிடும் காற்றில் அதே இடத்தில் அதைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு துகள்கள் இருக்கின்றன.

கலத்துக்கு உண்மையான ஆபத்து நேராக அடிக்கும் வெயில்தான். அதற்காகத்தான் 11 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு கார்பன் கேடயம். அதன் முன்பக்கம் சுமார் 1,400 டிகிரிவரை தாங்கும், பின்னால் நிழலில் கருவிகள் நம் வீட்டு அறை வெப்பத்தில் இருக்கும். 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. தூரத்தில் கடந்து போய், பத்திரமாக வெளியே வந்தது. அதற்கு முன் மனிதன் செய்த எதுவும் சூரியனுக்கு அவ்வளவு அருகே போனதில்லை.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): தெர்மாமீட்டர் வைத்தா அளந்தார்கள்? 10 லட்சம் என்று எப்படித் தெரியும்?

இதற்குப் பின்னால் எழுபது வருடக் கதை இருக்கிறது சார். 1869 ஆகஸ்ட் 7-ல் அமெரிக்காவில் முழு கிரகணம். சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் என்ற இருவர் தனித்தனியே கொரோனாவின் நிறமாலையைப் பார்த்தபோது பச்சைப் பகுதியில், 530.3 நானோமீட்டரில், ஒரு பிரகாசமான கோடு. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. சரி, புதுத் தனிமம்தான் என்று 'கொரோனியம்' எனப் பெயரும் வைத்துவிட்டார்கள். அப்படி நினைத்ததில் நியாயமும் இருந்தது. முந்தைய வருடம் 1868-ல் நம் குண்டூர் பக்கம் தெரிந்த கிரகணத்தில் சூரியனின் ஓரத்திலிருந்து வந்த மஞ்சள் கோடுதான் பிறகு ஹீலியம் என்ற புதுத் தனிமமாக நிலைத்தது.

ஆனால் தனிம அட்டவணை நிரம்ப நிரம்ப, கொரோனியத்துக்கு உட்கார இடமே இல்லாமல் போயிற்று. 1939-ல் ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியான் ஒரு தடயத்தைப் பிடித்தார். அதைத் தொடர்ந்து சுவீடனின் பெங்ட் எட்லென் 1940-களின் தொடக்கத்தில் கணக்கை முடித்தார். அந்தப் பச்சைக் கோடு இரும்புதான். நம் வீட்டுத் தோசைக்கல்லில் இருக்கும் அதே இரும்பு, ஆனால் 26 எலெக்ட்ரான்களில் 13-ஐப் பறிகொடுத்த இரும்பு. அத்தனையையும் பிய்த்து எறிய சுமார் 20 லட்சம் டிகிரி சூடு வேண்டும். அந்தப் பச்சைக் கோடு இன்றும் வேலை செய்கிறது. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பி, அடுத்த ஜனவரி 6-ல் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்கும் எல்-1 புள்ளிக்குப் போய்ச் சேர்ந்த நம் ஆதித்யா எல்-1 கலத்திலுள்ள கொரோனா கருவி பார்க்கும் கோடுகளில் ஒன்று அதுதான். அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): காந்தத்தை நெருப்பில் காட்டினால் காந்த சக்தி போய்விடும் என்று படித்திருக்கிறேன். சூரியன் முழுவதும் நெருப்பு. அங்கே காந்தம் எப்படி?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் அதன் காந்தத்தன்மை போய்விடும். ஆனால் காந்தப்புலம் உண்டாக இரும்பு அவசியமில்லை. கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடினாலே போதும். சூரியனில் இருப்பது மின்னேற்றம் கொண்ட பிளாஸ்மா. அது ஓடினால் மின்னோட்டம், மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலம், அந்தப் புலத்தை மறுபடி பிளாஸ்மா இழுத்து நீட்டி முறுக்கிப் பெருக்கும். சைக்கிள் டைனமோவுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

அந்தப் பெருக்கத்துக்குக் கொதிப்பு மட்டும் போதாது, சுழற்சியும் வேண்டும். சூரியனின் நடுக்கோடு சுமார் 25 நாளில் ஒரு சுற்று சுற்றும், துருவப் பக்கம் அதைவிட மெதுவாகச் சுற்றும். வடக்கு தெற்காக இருந்த காந்தக்கோட்டை இந்த வேக வித்தியாசம் கிழக்கு மேற்காக இழுத்துச் சுற்றிவிடுகிறது. முறுக்கு ஏறிய கோடுகள் மேலே மிதந்து வந்து பரப்பைக் கிழிக்கும் இடம்தான் சூரியப் புள்ளி. அங்கே புலம் 3,000 காஸ் வரை இருக்கும் என்று 1908-ல் ஜார்ஜ் எல்லரி ஹேல் காட்டினார். பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவுதான்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வு மாணவர், வேறு துறை): கடைசியில் எதுதான் கொரோனாவைச் சூடாக்குகிறது? அலைகளா, நானோஃபிளேர்களா?

இரண்டு கட்சியையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அலைக்காரர்களின் மூலவர் ஹான்னஸ் ஆல்வென். காந்தக்கோட்டைச் சுண்டினால் வீணைத் தந்தி போல அதிரும் என்று 1942-லேயே சொன்னவர். 1970-ல் நோபல் பரிசு பெற்றார். கொதிக்கும் பரப்பு கோடுகளின் வேரை ஓயாமல் ஆட்டுகிறது, அலை மேலே போகிறது, அங்கே உடைந்து வெப்பமாகிறது. கொரோனாவில் இந்த மாதிரி அலைகள் 2007-ல் தெளிவாகப் படமாயின, எங்கே பார்த்தாலும் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இந்த அலைகள் சுலபத்தில் சாகாது. மேலே போவது எளிது, இறக்கி வைப்பதுதான் கஷ்டம்.

எதிர்க்கட்சியின் தலைவர் யூஜீன் பார்க்கர். அந்த விண்கலத்துக்கு வைத்திருப்பது இவர் பெயரைத்தான். அவருடைய கருத்தை ஜடை பின்னுவதை வைத்துச் சொல்லலாம். காந்தக்கோடுகளின் இரண்டு முனையும் கொதிக்கும் பரப்பில் ஊன்றியிருக்கின்றன. கொப்புளங்கள் அந்த முனைகளை அங்கும் இங்கும் நகர்த்த நகர்த்த, மேலே கோடுகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. பின்னல் இறுகுகிறது, இழுவிசை ஏறுகிறது. ஏதோ ஓர் இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளின் திசை பொருந்தாமல் போய், அறுந்து வேறு விதமாகச் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் கணம் தேங்கியிருந்த சக்தி வெப்பமாகச் சிதறும். பெரிய சூரியச் சுடரில், அதாவது ஃபிளேரில், வெளிவரும் சக்தியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒவ்வொன்றும். ஆகையால் 1988-ல் அவர் இதை நானோஃபிளேர் என்றார். தனித்தனியாகப் பார்க்க முடியாத அளவு சிறியவை. ஆனால் சாரல் மழையில் துளி தெரியாவிட்டாலும் சட்டை நனைகிறது அல்லவா?

இதற்குத் தடயம் உண்டா? உண்டு. நானோஃபிளேர் நடந்தால் அந்த இடம் ஒரு கணம் 1 கோடி டிகிரி அளவுக்குப் போய்ச் சட்டென்று ஆறவேண்டும். 2013-ல் நாசா ஏவிய ஒரு சிறு ராக்கெட்டின் கருவி, ஃபிளேர் எதுவும் இல்லாத கொந்தளிப்புப் பகுதியிலேயே அந்தச் சூட்டின் மங்கலான ஒளியைப் பரவலாகக் கண்டது. 2020-ல் சோலார் ஆர்பிட்டர் கலமும் எங்கு பார்த்தாலும் குட்டிக் குட்டி மின்னல்களைப் படமெடுத்தது. 'கேம்ப்ஃபயர்' என்று பெயர் வைத்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஒரே விடையைத் தேடுவதே தவறு என்பேன். காந்தக்கோடுகள் இரு முனையும் கட்டப்பட்டு வளைவாக நிற்கும் கொந்தளிப்புப் பகுதிகளில் பின்னலும் அறுபடலும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு முனை விண்வெளிக்குத் திறந்து கிடக்கும் கொரோனா துளைகளில் பின்னல் இறுக வழியில்லை, அங்கே அலைகளுக்குத்தான் வேலை. 2021 ஏப்ரலில் பார்க்கர் கலம் முதன்முதலாகக் கொரோனாவுக்குள்ளேயே நுழைந்தது. அது அளந்த சூரியக் காற்றிலும், அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே பாயும் துகள்களிலும், வளைந்து திரும்பும் காந்தப்புலத்தோடு ஆல்வென் அலைகள் நிறைந்திருந்தன.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): தம்பி, எல்லாரும் கொரோனா கொரோனா என்கிறார்கள். நீங்கள் மட்டும் குரோமோஸ்பியர்தான் முக்கியம் என்று எழுதியிருந்தீர்களே, அதை விளக்குங்கள்.

ஐயா, கேட்டதற்கு மிக்க நன்றி. இதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதிலையே ஆரம்பித்தேன்.

கொரோனாவுக்கு 300 வாட் என்றேன். அமைதியான இடத்துக் குரோமோஸ்பியருக்குச் சதுர மீட்டருக்கு 4,000 வாட் வேண்டும். அங்கே வெப்பநிலை ஏழாயிரம், பத்தாயிரம் என்று சாதாரணமாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அடர்த்தி அதிகம், வாங்கிய சூட்டை உடனே ஒளியாகச் செலவழித்துவிடும் மண்டலம் அது. தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். ஆக மேலே வரும் அசைவுச் சக்தியில் பெரும்பகுதியைக் குரோமோஸ்பியர்தான் சாப்பிடுகிறது. மிச்சம் மீதிதான் கொரோனாவுக்குப் போகிறது. பெரும்பகுதி எங்கே செலவாகிறது என்று பார்க்காமல் மிச்சத்தை மட்டும் ஆராய்ந்தால் கணக்கு எப்படி நேராகும்?

எம்.எஸ்ஸி. படிக்கும்போது கொடைக்கானல் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிகள் வெயிலை வாங்கிக் கீழே அனுப்ப, அறுபது மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் அது படுக்கைவாட்டில் ஓடி, முடிவில் வெள்ளை அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சூரியனாக விழும். இருட்டில், குளிரில், அந்த வட்டம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு புள்ளி, மிளகு அளவு. "நம்ம பூமியை இதுல வைச்சா அந்தப் புள்ளிக்குள்ள அடங்கிடும்" என்றார் கூட இருந்தவர். அப்புறம் அந்தப் புள்ளியின் பக்கத்து இடத்தை நிறமாலைமானியின் பிளவில் கொண்டுவந்து கால்சியம் கே கோட்டைக் காட்டினார். ஊதா நிறத்தில், 393 நானோமீட்டரில், அகலமான கறுப்புப் பள்ளம். அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் மெல்லியதாக ஒரு வெளிச்ச இழை. அட்டையை விரல் அளவு நகர்த்திக் கொந்தளிப்பில்லாத இடத்துக்கு வந்தால் இழை மங்கிப்போகிறது, திரும்ப வந்தால் பளிச்சிடுகிறது. பரப்பு விழுங்கிய ஒளிக்கு மேலே, குரோமோஸ்பியர் தன் சொந்தச் சூட்டில் உமிழும் ஒளி அது. காந்தப்புலம் எங்கே வலுவோ அங்கே அந்த இழை பிரகாசம். அன்றைக்கு அந்த இழையைப் பார்த்ததுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

போன வாரம் நான் போட்ட படம் அந்தக் கோட்டின் ஒளியில் மட்டும் எடுத்தது. சூரியன் முழுவதும் வெள்ளை வலை விரித்தது போலவும், புள்ளிகளைச் சுற்றிச் சுண்ணாம்பு தெளித்தது போலவும் இருக்கும். சுண்ணாம்பில் இருக்கும் அதே கால்சியம்தான்! கொடைக்கானலில் 1904 முதல் நூறு வருடத்துக்கும் மேல் இப்படிப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் இப்போது கணினிக்குள் ஏறிவிட்டன. சூரியனின் காந்த வரலாற்றுக்கு இவ்வளவு நீளமான பதிவு உலகிலேயே சில இடங்களில்தான் உண்டு.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சிங்கப்பூர்): மற்ற நட்சத்திரங்கள் வெறும் புள்ளியாகத்தானே தெரிகின்றன? அவற்றில் காந்தம் இருப்பது எப்படித் தெரியும்?

அதே கால்சியம் இழைதான் காட்டிக்கொடுக்கிறது. புள்ளியாகத் தெரிந்தாலும் நிறமாலை எடுக்க முடியும், கே கோட்டின் நடுவில் வெளிச்சம் எவ்வளவு என்று அளக்க முடியும். ஆலின் வில்சன் 1966-ல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் இந்த வேலையைத் தொடங்கினார். ஒரே நட்சத்திரங்களை வருடக் கணக்கில் விடாமல் அளப்பது. அவருக்குப் பிறகும் அது 2003 வரை ஓடியது. சூரியனுக்கு 11 வருடச் சுழற்சி இருப்பது போல 61 சிக்னி ஏ நட்சத்திரத்துக்குச் சுமார் 7 வருடச் சுழற்சி இருப்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. சில நட்சத்திரங்கள் ஏறாமல் இறங்காமல் தட்டையாகவே இருந்தன. சூரியனும் 1645-லிருந்து 1715 வரை புள்ளிகளே அபூர்வமாகி அப்படி ஒரு தூக்கம் போட்டதுண்டு.

இதே வில்சனும் நம் நாட்டு வானியலாளர் வேணு பாப்புவும் சேர்ந்து 1957-ல் இன்னொன்றைக் கண்டார்கள். அந்தக் கால்சியம் இழையின் அகலத்தை அளந்தாலே நட்சத்திரத்தின் உண்மையான ஒளி அளவைச் சொல்லிவிடலாம். வில்சன்–பாப்பு விளைவு என்று உலகம் முழுவதும் பாடமாக இருக்கிறது. பாப்பு 1960-ல் கொடைக்கானலுக்குத் தலைமையேற்று வந்தார், பிறகு ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கினார். அங்கே அவர் கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கேள்வி (இல்லத்தரசி, தஞ்சாவூர்): நம் கார்த்திகை, ரோகிணி நட்சத்திரங்களுக்கும் கொரோனா உண்டா?

கார்த்திகைக் கொத்திலும் ரோகிணி பக்கத்துக் கொத்திலும் உள்ள சூரியனைப் போன்ற நட்சத்திரங்களுக்கு உண்டு அக்கா, அதுவும் அந்த இரண்டு கொத்தும் இந்தத் துறையில் பெரிய புள்ளிகள்! கார்த்திகைக் கொத்துக்கு வயது பத்துப் பன்னிரண்டு கோடி வருடம்தான், குழந்தைகள். ரோகிணி பக்கத்தில் தெரியும் கொத்துக்கு அறுபது கோடிக்கு மேல். (சிவப்பாக மின்னும் ரோகிணி நட்சத்திரம் அந்தக் கொத்தைச் சேர்ந்ததல்ல, நமக்கும் அதற்கும் நடுவே நிற்கிறது.) சூரியனுக்கு 460 கோடி. ஆண்ட்ரூ ஸ்குமானிச் 1972-ல் இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். வயது ஏற ஏற நட்சத்திரம் மெதுவாகச் சுழல்கிறது, கால்சியம் இழையும் அதே விகிதத்தில் மங்குகிறது. வயது நான்கு மடங்கானால் சுழற்சி வேகம் பாதி. காந்தக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும் சூரியக் காற்று, கையை அகல விரித்தால் சுற்றும் வேகம் குறைவது போல, சுழற்சியைத் தின்றுகொண்டே இருக்கிறது. நம் சூரியன் குழந்தையாக இருந்தபோது எக்ஸ் கதிரில் இன்றைப்போல நூறு மடங்குக்கு மேல் பிரகாசம்.

அபிஜித் என்கிற வேகாவுக்கு வெளிப்பகுதியில் கொதிப்பு ஏறக்குறைய இல்லை. வேகமாகச் சுழன்றும் எக்ஸ் கதிரில் அது கண்ணுக்கு அகப்படவில்லை. அதைவிடக் கொஞ்சம் குளிர்ந்த திருவோணத்தில் மெல்லிய கொதிப்பு உண்டு, மங்கலான கொரோனாவும் உண்டு. சுவாதி வீங்கிப்போன கிழட்டு ராட்சதம். மெதுவாகச் சுழல்கிறது, சூரியனைப் போன்ற சுடும் கொரோனா அதனிடம் இல்லை. கொதிப்பும் சுழற்சியும் சேர்ந்த இடத்தில்தான் மேலே சூடு, அதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கேள்வி (அறிவியல் புனைகதை வாசகர்): பிராக்சிமாவின் கோளில் உயிர் இருக்குமா?

நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லை, ஆனால் கஷ்டம். பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் உள்ள சிவப்புக் குள்ளன், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த நட்சத்திரம். உள்ளிருந்து வெளிவரை முழுவதும் கொதிப்பு. 2016-ல் கண்டுபிடித்த அதன் கோள் சுமார் 70 லட்சம் கி.மீ. தூரத்தில் 11 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. வெதுவெதுப்புக்கு அவ்வளவு அருகே போகவேண்டும், அருகே போனால் அடி விழும். 2019 மே மாதம் வந்த ஒரு ஃபிளேரில் அந்த நட்சத்திரம் புற ஊதாவில் சில நொடிகளில் 14,000 மடங்கு பிரகாசமானது. அப்படி அடிக்கடி வாங்கினால் அந்தக் கோளில் காற்று மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. வலுவான காந்தப்புலமோ ஆழமான கடலோ இருந்தால் ஒரு வாய்ப்பு.

கேள்வி (மின்வாரியப் பணியாளர்): 2024 மே மாதச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளி தெரிந்ததாமே. நம் ஊரில் மின்சாரம் போகுமா?

ஆமாம், ஹான்லேயில் அடிவானம் சிவந்த படங்கள் வந்தன. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் இதே மாதிரி ஒரு காந்தப் புயலால் சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த அளவு ஆபத்து நமக்குக் குறைவு. ஜி.பி.எஸ்., ரேடியோ, செயற்கைக்கோள்கள் பாதிக்கப்படலாம், அதன் வழியாக நாமும் பாதிக்கப்படுவோம்.

கேள்வி (கடைக்காரர், திண்டுக்கல்): 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். வளையம் தெரிந்தது, கொரோனா தெரியவில்லையே?

தெரியாது அண்ணாச்சி. கொரோனாவின் வெளிச்சம் சூரிய வட்டின் வெளிச்சத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வளையம் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அந்த வெளிச்சம் கொரோனாவை மூழ்கடித்துவிடும். வட்டு முழுவதும் மறைந்தால்தான் அது எழும்பும். கண்ணாடியைக் கழற்றலாம் என்பதும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும்தான், வட்டின் ஒரு துளி எட்டிப் பார்த்தாலும் உடனே போட்டுவிட வேண்டும். 2027 ஆகஸ்ட் 2-ல் எகிப்தின் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு கிரகணம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு 2034 மார்ச் 20-ல் நம் காஷ்மீர், லடாக் பகுதியிலேயே தெரியும். சூரியன் மறையும் முதல் ஓரிரு நொடியில் சந்திரனின் விளிம்பில் ரோஜா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று பளிச்சிட்டுப் போகும். எல்லோரும் வெள்ளைக் கொரோனாவைப் பார்க்கும் அவசரத்தில் அதைத் தவறவிட்டுவிடுவார்கள். நீங்கள் முதலில் அதைப் பாருங்கள், அதுதான் குரோமோஸ்பியர்.